எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் அக்கா பூண்டு உரித்துக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து எடுத்தது. "திங்கட்கிழமை அதை மறுபடியும் போட்டுக் காட்டணுமாம்," என்றாள். சொல்லிவிட்டு அடுத்த பல்லை எடுத்தாள். அவ்வளவுதான்.

அக்கா ஓர் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் துன்புறுத்துவதை, நேரிலோ கைபேசி வழியாகவோ, தடுக்க ஒரு சட்டம் வந்திருக்கிறது. அதன்படி ஒவ்வொரு பள்ளியிலும் ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழு இருக்க வேண்டும். "புதுசா வந்தவ தலையில கட்டிட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே அதில் சேர்ந்தவள் அக்கா.

'அதை' என்றது ஒரு காணொளியை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அவளுடைய பெஞ்சுத் தோழியே கைபேசியில் எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டு சேர்த்து வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டாள். வகுப்பிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து எங்கெங்கோவும் போனது. மாணவி புகார் கொடுத்தாள். அந்தப் பள்ளியில் இந்தச் சட்டத்தின் கீழ் வந்த முதல் புகார் அதுதான்.

2

முதல் தொடக்கம்:

காணொளி தொடங்கும்போது அந்தப் பெண் ஜன்னலை ஒட்டி நிற்கிறாள். கையில் ஒரு

[இங்கே நிறுத்திவிட்டேன். கையில் என்ன என்று எழுதினால், அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்தாள் என்றும் எழுத வேண்டிவரும். நான் எழுதினால் நீங்கள் பார்ப்பீர்கள். நானும் ஒருமுறை போட்டுக் காட்டியதாக ஆகும். நான் அதைப் பார்த்ததில்லை; அக்கா சொல்லித்தான் தெரியும். ஆனாலும்.]

இரண்டாம் தொடக்கம்:

விதி ஒன்பது. புகாருக்கு அடிப்படையான படம், ஒலி அல்லது காணொளியைக் குழு உறுப்பினர் அனைவரும், புகார் அளித்தவரும் அவருடைய பெற்றோரும் உடனிருக்க, ஒருசேர, முழுமையாகப் பார்வையிட வேண்டும்.

[இதையே வைத்துக்கொள்கிறேன். அழகாக இல்லை. ஆனால் கதையில் நடப்பதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தால்தான் நடக்கிறது.]

(பெயரைப் பற்றி ஒரு குறிப்பு. புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. காணொளிக்குப் பிறகு பள்ளியில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அக்கா சொன்னாள். ஒருமுறை கேட்டால் மறக்காத பெயர். அதனால்தான் அதையும் எழுதவில்லை. மாணவி என்றே சொல்கிறேன்.)

3

விதி ஒன்பதை எழுதியவர் கெட்டவர் இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும்.

முன்பெல்லாம் இப்படி ஒரு புகார் வந்தால், பார்க்காமலே "சின்னப் பிள்ளைங்க விளையாட்டு" என்று அனுப்பிவிடுவார்கள். அதனால் 'பார்வையிட வேண்டும்'. ஆளுக்கொன்றைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது, அதனால் 'ஒருசேர'. பாதியைப் பார்த்துவிட்டு இதில் ஒன்றுமில்லை என்றுவிடக் கூடாது, அதனால் 'முழுமையாக'. வேறு எதையோ காட்டி ஏமாற்றக் கூடாது, அதனால் 'உடனிருக்க'. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் முன்பு எப்போதோ அடிபட்ட ஒரு பிள்ளை இருக்க வேண்டும்.

நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நீரில் கிருமி இருக்கிறதா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. வட்டத் தட்டில் அதற்குப் பிடித்த உணவை வைத்து, சூடு கொடுத்து வளர்க்க வேண்டும். ஒரு கிருமி கோடியாகப் பெருகி ஒரு புள்ளியாகத் தெரிந்த பிறகுதான் 'ஒன்று இருந்தது' என்று எழுத முடியும். இருந்ததை நிரூபிக்க, இருந்ததைவிட அதிகமாக ஆக்குகிறோம். வேறு வழி இல்லை.

ஆனால் எண்ணி முடித்த தட்டை அப்படியே குப்பையில் போட மாட்டோம். கொதிநீராவியில் வைத்துக் கொன்ற பிறகே போடுவோம். அதற்கு ஒரு விதி எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது. விதி ஒன்பதுக்குப் பக்கத்தில் அப்படி எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

[இந்தப் பகுதி கட்டுரை மாதிரி ஆகிவிட்டது. வெட்டலாம் என்று நினைத்து வெட்டவில்லை.]

4

விசாரணை நூலக அறையில் நடந்தது. குழுவில் தலைமை ஆசிரியை, கணினி ஆசிரியர், அக்கா, பெற்றோர் சார்பில் ஒரு தையல்கார அம்மா. ஐந்தாவது ஆள் வெளியிலிருந்து வர வேண்டிய வழக்கறிஞர். அவர் வரவில்லை. வழக்கு இழுத்துவிட்டது என்று போன் செய்தார்.

"தள்ளி வச்சிடலாமா மேடம்?" என்று அக்கா கேட்டாள்.

"புரொஜெக்டர் கிடைக்கறதே பெரிய பாடு. இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான். பாத்துடுவோம்," என்றார் தலைமை ஆசிரியை.

கணினி ஆசிரியர் ஜன்னல்களைச் சாத்தினார். வெள்ளைச் சுவரில் படம் விழுந்தது. கைபேசியில் உள்ளங்கை அளவில் இருந்தது இப்போது ஆள் உயரத்துக்கு.

காணொளியை எடுத்த பெண்ணையும் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். மாணவியின் அம்மா ஒரு துணிக்கடையில் பில் போடுபவர். சீருடையோடு வந்திருந்தார். அவர் அதுவரை அந்தக் காணொளியைப் பார்த்திருக்கவில்லை. மகள் காட்டவில்லை. படம் முடிந்ததும் அவர் மூச்சை விட்டார்.

"இவ்வளவுதானா? நான் என்னென்னமோ நினைச்சு பயந்துட்டேன்டி."

மாணவி அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சத்தம் வரல சார்," என்றார் தலைமை ஆசிரியை.

"ஸ்பீக்கர் அடுத்த ரூம்ல இருக்கு மேடம். படம் வந்தா போதாதா?"

"முழுமையான்னு போட்டிருக்கே."

"அப்ப மறுபடி முதல்லேருந்து போடணும்."

"போடுங்க. நம்ம பக்கம் குறை இருக்கக் கூடாது."

ஸ்பீக்கர் வந்தது. பாட்டோடு மறுபடியும் ஓடியது. பாதியில் கணினி ஆசிரியர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு

5

மேலே உள்ளதை எழுதிய அளவில் அக்காவிடம் காட்டினேன். நின்றுகொண்டே படித்தாள்.

"நல்லாதான் இருக்கு," என்றாள். தோற்கும் விடைத்தாளுக்கும் அவள் இதையே சொல்வாள்.

"என்ன தப்பு?"

"சார் சிரிக்கல."

"யாரோ சிரிச்சாங்கன்னு நீதானே சொன்ன?"

"யாரோன்னு சொன்னேன். நீ வில்லன் வேணும்னு தேடி அவரைப் புடிச்சிட்ட. அவருக்கு மீசையே கிடையாது. பாவம், ஒயர் லூஸா இருந்துச்சுன்னு கையால புடிச்சுக்கிட்டு நின்னாரு."

"அப்ப யாரு? அந்தத் தையல்கார அம்மாவா?"

அக்கா தாளை மடித்தாள், பிரித்தாள்.

"நான்தான்டி."

தாளை என்னிடம் நீட்டினாள்.

"சத்தம் இல்லாம பாத்தப்ப பாவமாதான் இருந்துச்சு. பாட்டோட வந்தப்ப... தும்மல் மாதிரி வந்துடுச்சு. சட்டுனு வாயை மூடிட்டேன். ஆனா அவ திரும்பிட்டா. அதை எடுத்த பொண்ணுகூட திரையைப் பாக்கல, குனிஞ்சு அழுதுட்டு இருந்தா. சிரிச்சது நான் மட்டும்தான்."

"அது அவ்வளவு..."

"ஆமா. அது சிரிப்பு வர்ற மாதிரிதான் இருக்கு. அதானே புகாரே."

[நாலாம் பகுதியைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். ஊகித்தபோது நான் யாரைப் பிடித்தேன் என்பதும் தெரியட்டும்.]

6

வழக்கறிஞர் இல்லாமல் பார்த்தது செல்லாது என்று மேலதிகாரி போனில் சொல்லிவிட்டார். 'அனைவரும்' என்றால் ஐந்து பேரும். எனவே, புரொஜெக்டரை எப்படியோ கேட்டு வாங்கி, திங்கட்கிழமை ஐந்து பேரோடு மறுபடியும். மாணவி வராவிட்டால் விதி பதினொன்றின்படி, 'புகார்தாரருக்கு ஆர்வமில்லை' என்று எழுதிப் புகாரை முடித்துவிடலாம். முடித்துவிட்டால் காணொளியை அழிக்கச் சொல்லி யாருக்கும் உத்தரவு போகாது. அது அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

நேற்று வேதியியல் செய்முறை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மாணவி நின்றாளாம். சோதனைக் குழாயைக் கழுவி, தலைகீழாகத் தாங்கியில் மாட்டிக்கொண்டே பேசினாள்.

"மிஸ், திங்கட்கிழமை வக்கீல் சார் வர்றாராமே."

"ஆமா."

"சத்தத்தோடதான் போடுவாங்களா?"

"ஆமாம்மா."

"நீங்க அடுத்த தடவையும் சிரிப்பீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை என்கிறாள் அக்கா. நாளைக்கு டெஸ்ட் இருக்கா மிஸ் என்று கேட்பது போலக் கேட்டாளாம்.

அக்காவுக்கு இரண்டு மூன்று நல்ல பதில்கள் தோன்றின. எல்லாம் ஆசிரியர்கள் சொல்லும் பதில்கள்.

"தெரியலம்மா," என்றாள்.

மாணவி தலையாட்டினாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி மிஸ். அப்ப நான் வர்றதா வேணாமான்னு யோசிக்கிறேன்."

7

முடிவுகள்.

அ. அவள் வருகிறாள். காணொளி ஓடுகிறது. அக்கா கன்னத்தை உள்பக்கம் கடித்துக்கொண்டு சிரிக்காமல் இருக்கிறாள். வழக்கறிஞர் சிரித்துவிடுகிறார்.

["அவரை நாம இன்னும் பாத்ததே இல்ல. அதுக்குள்ள அவர் தலையிலயா?" என்றாள் அக்கா. நீக்குகிறேன்.]

ஆ. அக்கா குழுவிலிருந்து விலகுகிறாள். இதை நான் கதையில் எழுதாமல் நேராகவே சொன்னேன். "விலகினா வேற ஒருத்தர் வருவாங்க. அவங்களுக்கும் போட்டுக் காட்டணும்," என்றாள்.

இ. அவள் வரவில்லை. காலி நாற்காலி, வெள்ளைச் சுவர், புரொஜெக்டரின் இரைச்சல்.

[இதை ஒரு பக்கம் எழுதினேன். மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக வந்தது. அவள் வராமல் போனால் என் கதைக்கு நல்லது என்று தெரிந்ததும் கிழித்துவிட்டேன்.]

ஈ. திங்கட்கிழமை ஜன்னலைச் சாத்துவதற்கு முன் அக்கா எழுந்து, சென்ற முறை சிரித்தது நான்தான், அதையும் புகாரில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறாள். 'எவர் செய்யும் எவ்வகைக் கேலியும்' என்கிறது சட்டம். ஆசிரியர் தவிர என்று அதில் எங்கும் இல்லை. வேலை நிரந்தரமாகாத ஒருத்தி அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று சட்டத்தைப் படிக்காமலே சொல்லலாம்.

"சொல்லிடலாம்னு பாக்கறேன்," என்றாள் அக்கா இன்று காலை.

"சொன்னா அவ வருவாளா?"

"அவ வரணும்னு சொல்லப் போறேனா, எனக்குப் பாரம் இறங்கணும்னு சொல்லப் போறேனான்னு தெரியல. அது தெரிஞ்சா சொல்லிடுவேன்."

[இந்த உரையாடலில் நான் எதையும் சேர்க்கவில்லை.]

8

இன்று சனிக்கிழமை. திங்கள் மாலை அக்கா வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே என்ன நடந்தது என்று சொல்லிவிடுவாள். அதற்கு முன்பே இதை அனுப்பிவிடப் போகிறேன். தெரிந்துவிட்டால் எழுதிவிடுவேன்.

முதல் தொடக்கத்தில் 'கையில் ஒரு' என்று நின்ற இடம் அப்படியே இருக்கிறது. அதை நான் நிரப்பப் போவதில்லை. நீங்கள் இதற்குள் எதையாவது வைத்துப் பார்த்திருப்பீர்கள். தவறில்லை, நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன். வைத்ததை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் அந்த நூலக அறையில் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்களா? மாட்டேன் என்று உடனே தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் சோதித்துப் பார்க்க ஒரே வழிதான் உண்டு, அந்த வழியை நான் இந்தக் கதையில் மூடிவிட்டேன். ஆகவே அவள் உங்களிடம் கேட்டாலும் நீங்கள் நேர்மையாகச் சொல்லக்கூடியது அக்கா சொன்னதைத்தான்.

தெரியலம்மா.

இந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பதினைந்து வயதுப் பெண் திங்கட்கிழமை அந்த அறைக்கு வருவாளா, மாட்டாளா? பொய் சொல்லாத ஒருத்தியாவது உள்ளே இருக்கிறாள் என்று வரலாம். அதே காரணத்துக்காக வராமலும் இருக்கலாம். நான் எழுதிப் பார்த்தவரை இரண்டும் சரியாகவே வருகின்றன.

நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறேன். மிச்சத்தை நீங்கள் யோசியுங்கள். அவளும் இப்போது அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பாள்.