பிரசிடெண்டம்மாளின் ஜீப்பு

பஞ்சாயத்து பிரசிடெண்டு இராஜாங்கத்தின் மனைவி தனபாக்கியம் மேலப்பெருவயலில் செய்யாத தர்மமில்லை. சித்திரையில் மோர்ப் பந்தல், பொங்கலுக்குச் சேலை, பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை, ஒரு கைதட்டல். ஆட்சி மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கறுப்பு சிவப்புக் கொடிக்குப் பக்கத்திலேயே செங்கொடியும் பறந்த காலம்.

அந்தச் சித்திரையில் காளியம்மாள் மோரைக் குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்து வைத்தாள். வயல் கூலிக்காரர்கள் குடியிருக்கும் தெற்குத் தெருவில் பிரசவம் பார்ப்பவள் அவள். கூலியை உயர்த்தக் கேட்டு முதல் ஆளாய் நிற்பவளும் அவள்தான்.

"மோரு நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா கை மீறின பிரசவம்னா ஏழு மைலு மாட்டு வண்டியில குடவாசல் ஆஸ்பத்திரிக்குப் போறோம். போன மாசம் ஒருத்தி பாதி வழியிலயே போயிட்டா. மோரு குடுத்து எழுப்பவா முடியும்?"

அன்று யாரும் கைதட்டவில்லை. தனபாக்கியம் வீட்டுக்கு வந்து, கொட்டகையில் தூசி படிந்து நின்ற ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"காரை ஓட்டத் தாவூது இருக்கான். இதை யாரு ஓட்டுவா?" என்றார் இராஜாங்கம்.

"நான் ஓட்டுறேங்க."

அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையெல்லாம் தெறித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் "சரி, ஓட்டிக்க" என்றும் சொல்லிவிட்டார். ஊரே கேட்டுக்கொண்டிருந்ததால் பிறகு அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க முடியவில்லை.

டிரைவர் சேக் தாவூது களத்துமேட்டில் பாடம் நடத்தினார். முதல் நாள் ஜீப்பு வைக்கோல்போருக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. இரண்டாம் நாள் ஒரு வாத்துக் கூட்டம் தாலுகா எல்லையைத் தாண்டி ஓடியது. மூன்றாம் நாள் வாய்க்கால்.

"பிரேக்கை மிதிங்கம்மா."

"மிதிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அது கிளட்சும்மா" என்றார் அவர், இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி.

பின்னால் எடுப்பது மட்டும் கடைசிவரை வரவில்லை. ஆனால் ஆற்றங்கரைச் சாலையில் நேராய் விட்டபோது காற்று முந்தானையைப் பிடுங்கியது, தென்னைகள் பின்னோக்கி ஓடின. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் இப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. லைசென்சு கொடுத்த அதிகாரியும் பின்னால் எடுக்கச் சொல்ல மறந்துபோனார்.

ஐப்பசிக்குள் ஒன்பது பெண்களைக் குடவாசல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள்.

தை பிறந்தது. சம்பா முற்றித் தலை சாய்ந்து நிற்க, கூலியை உயர்த்தாமல் அரிவாள் எடுப்பதில்லை என்று தெற்குத் தெரு உட்கார்ந்துவிட்டது. மிராசுதாரர்கள் இராஜாங்கத்தின் வீட்டில் கூடினார்கள். வெளியூர் ஆட்களை இறக்குவது என்றும், தெற்குத் தெருவுக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது என்றும் தீர்மானமாயிற்று. தனபாக்கியம் காப்பி கொடுத்துக்கொண்டே அத்தனையும் கேட்டாள்.

மறுநாள் காலை, வீரையன் மனைவி கண்ணாத்தாளுக்குப் பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று ஆள் வந்தது. வீரையன்தான் கூலிக்காரர் சங்கத் தலைவன். தனபாக்கியம் சாவியை எடுத்தாள்.

கண்ணாத்தாளும் காளியம்மாளும் பின்னால் ஏற, ஜீப்பு மதகுப் பாலத்துக்கு வந்தது. எதிரே வெளியூர் ஆட்களோடு டிராக்டர், அதன் முன்னால் வெள்ளை வேட்டிகள், நடுவில் இராஜாங்கம். இந்தப் பக்கம் வழியை மறித்துச் செங்கொடிகள். ஜீப்பைப் பார்த்ததும் வீரையன் ஆட்களை ஒதுக்கினான். டிராக்டர் அசையவில்லை.

"தனபாக்கியம், வண்டியப் பின்னால எடு" என்றார் இராஜாங்கம்.

"எனக்குப் பின்னால எடுக்க வராதுங்க. முன்னால போறது மட்டும்தான் தெரியும்."

டிராக்டர் மேலிருந்த வெளியூர்க்காரன் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது கொடிகளுக்குள் தாவியது, மிராசுதாரர் ஒருவரையும் தொற்றியது. கண்ணாத்தாள் போட்ட கூச்சலில் சிரிப்பு நின்றது, டிராக்டர் வழிவிட்டு வயலுக்குள் இறங்கியது.

பாலம் தாண்டியதும் ஜீப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. யார் முதலில் தோள் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தகராறு. தள்ளிய எல்லார் மேலும் சேறு. வேட்டி எது, கோவணம் எது என்று தெரியவில்லை. "தள்ளுங்கடா, நான் என் பொண்டாட்டிக்குத்தான் தள்ளுறேன்" என்று இராஜாங்கம் உறுமினார். "நானும்தாங்க" என்றான் வீரையன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாள் அறுத்துத்தான் எடுத்தார். பெண் குழந்தை. அழுகைச் சத்தம் கேட்டதும் காளியம்மாள் வராந்தாவிலேயே குலவையிட்டாள். தனபாக்கியத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன.

"தர்மமெல்லாம் சரிம்மா. கூலி விஷயத்துல நீங்க எந்தப் பக்கம்?" என்றாள் காளியம்மாள்.

தனபாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கேட்ட கூலி நியாயம்தான். வீட்டுல சொல்றேன்."

சொன்னாள். இராஜாங்கம் ஒரு வாரம் பேசவில்லை. தாசில்தார் முன்னிலையில் நடந்த பேச்சில் கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது. அதில் தன் பங்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது.

மாசியில் கார் மக்கர் செய்த அன்று, குடவாசல் கூட்டத்துக்குப் போக இராஜாங்கம் ஜீப்பில் ஏறினார். முன்னால் காளியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வலியெடுத்த ராசம்மாளுக்குப் பக்கத்தில், துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பிரசிடெண்டு. ஜீப்பு ஆற்றங்கரையில் பறந்தது.

"கொஞ்சம் மெதுவாப் போயேன்" என்றார் அவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"வேகமாவே போங்கம்மா" என்றாள் ராசம்மாள்.