கோட்டைமேட்டு எலி வளைகள்

முதல் குழியில் செங்கல் மதில் இருந்தது. நாலரை அடி அகலம், ஆறு வரிசை. அதற்கு முப்பது அடி கிழக்கே, அதே நேர்கோட்டில் வெட்டிய இரண்டாம் குழியில் ஒரு செங்கல்கூட இல்லை. ஊரைச் சுற்றிக் கட்டிய மதில் முப்பது அடிக்குள் எப்படி இல்லாமல் போகும் என்று சர்வேயர் மணவாளனுக்கு விளங்கவில்லை.

அது 1959, தை மாதம். உத்திரமேரூருக்கு வெளியே கோட்டைமேட்டைத் தோண்டிப் பார்க்கக் கொடுத்திருந்த நாட்கள் சனிக்கிழமையோடு முடிகின்றன. மதில் தொடர்வதைக் காட்டாவிட்டால், மேட்டை வெறும் ஏரிக்கரை என்று எழுதி, ரோடு போட மண் எடுக்க விட்டுவிடுவார்கள். அன்று வியாழன்.

"செங்கல்லு இன்னா, எயுந்து நடந்தா போச்சு?" என்றான் மண் வெட்டும் தானியேல்.

"உன் வூட்டு அடுப்பாண்ட கீதான்னு பாரு" என்றாள் கூடை சுமக்கும் எல்லம்மாள்.

சாப்பாட்டு வேளையில் அவள் கடப்பாறையோடு மேட்டில் ஏறினாள். அறுப்பு முடிந்ததும் எலிகள் வளைக்குள் நெல் சேர்த்து வைக்கும். கூலிக்காரர்கள் அதைத் தோண்டி எடுப்பார்கள். மேடு சுத்தமாக இருக்கட்டும் என்று மணவாளன் முதல் நாளே வளைகளையெல்லாம் அடைக்கச் சொல்லியிருந்தார். வரைபடத்தில் அவற்றைக் குறிக்கவும் இல்லை.

"தொடக்கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேனே, எல்லம்மா."

"நீங்க அடைச்சீங்க சார். எலி அதே எடத்துல தொறந்துக்கினு கீது. மத்த எடமெல்லாம் கெட்டி மண்ணு. கடப்பாறையே எறங்கல, எலி பல்லு எறங்குமா?"

மணவாளன் வளைகளைப் பார்த்தார். பதினொன்று. முதல் குழியின் மதிலில் தொடங்கி எல்லாம் கிழக்கே ஒரே வரிசையில் போயின. கயிறு கட்டிப் பார்த்தார். கயிறு இரண்டாம் குழிக்கு மேலே சென்றது.

குழிக்குள் இறங்கி, அதன் பக்கவாட்டு மண்சுவரில் அரை அடிக்கு ஒருமுறை தானியேலைக் கடப்பாறையால் குத்தச் சொன்னார். கெட்டி, கெட்டி; பிறகு ஒரு சாண் உள்ளே போனது. நாலரை அடி தள்ளி மறுபடியும் கெட்டி. இடையிலிருந்த மண்ணைச் சுரண்டினால் செங்கல் துண்டும் சுண்ணாம்பும் உதிர்ந்தன. இரு விளிம்பும் நூல் பிடித்ததுபோல நேராக இருந்தன.

"யாரோ கல்லப் பேத்துக்கினு போயிருக்காங்க" என்றார் மணவாளன்.

"என்னிய ஏன் சார் பாக்கறீங்க?" என்றான் தானியேல். "எங்க தாத்தனுக்கு முன்னாலயே போயிருக்கும்."

வளைகளை வரைபடத்தில் குறித்த பிறகு, எல்லம்மாள் நெல்லை எடுத்துக்கொள்ள மணவாளன் அனுமதித்தார். பின்பு குறிப்பேட்டில் எழுதினார்:

மதில் தொடர்கிறது. இருபுறமும் இடித்துக் கெட்டியாக்கிய மண் அப்படியே நிற்கிறது. நடுவிலிருந்த செங்கல்லைப் பெயர்த்தெடுத்த பள்ளம் பிறகு தளர்ந்த மண்ணால் நிரம்பியிருக்கிறது. அதன் அகலமே மதிலின் அகலம். எலி வளைகள் வரிசையாக உள்ள இடத்தில் குறுக்கே வெட்டி, தளர்ந்த மண்ணின் இரு விளிம்பையும் அளந்தால் போதும்.