வாய் கட்டிய ஆறு வாரம்

என் கீழ்த்தாடை எப்போதும் எனக்கு அரை அங்குலம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. கடைக்குள் நான் நுழைவதற்கு முன்பே அது நுழைந்து வாடிக்கையாளரை வரவேற்றுவிடும். உத்திரமேரூர் பஜாரில் என் அப்பா ராஜாராமின் பாத்திரக்கடைக்கு வருகிறவர்களில், ஹரிஹரசுதன் என்று என் பெயரைச் சொல்லித் தேடுகிறவர்கள் குறைவு. "அந்தத் தாடக்காரப் புள்ள இல்லியா?" என்பவர்கள்தான் அதிகம். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. தாடை எப்படி இருந்தால் என்ன, வாய் இருக்கிறதே. ஓட்டை விழுந்த குண்டானைக்கூட வடிகட்டி என்று விற்றுவிடும் வாய்.

கஷ்டம் சாப்பாட்டில்தான். என் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒரே வீட்டில் குடியிருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள். பஜ்ஜியைக் கடித்தால் பள்ளம் விழுமே தவிர பஜ்ஜி துண்டாகாது. தோசையைக் கடைவாயில் கொடுத்துத்தான் கிழிப்பேன். இருபத்தெட்டு வயதில் காதோரம் வலி வந்தது. வாயைத் திறந்தால் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி 'கடக்' என்றது. அதற்குப் பிறகுதான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மெடிக்கல் ஷாப் மாடியில் இருந்த பல் கிளினிக்குக்கு ஏறினேன்.

கம்பி போடும் டாக்டர் சென்னையிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். "ஒன்றரை வருஷம் கம்பி. அதுக்கப்புறம் சென்னையில ஆபரேஷன். ரெண்டு தாடையையும் அறுத்து நேர்ல வச்சுத் திருகு போடணும்" என்றார். "கம்பி போட்டதும் பல்லெல்லாம் நேராகும். அப்போ தாடை இன்னும் முன்னால தள்ளின மாதிரி தெரியும், பயப்படாதீங்க" என்றும் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். அப்பா பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"துட்டையும் குடுத்துட்டு மூஞ்சியும் கெடுத்துக்கணுமா? இது இன்னாடா யாவாரம்?"

"கடைசியில நல்லாயிடும் நைனா."

"கடைசியில எல்லாம் நல்லாத்தான் ஆயிடும்."

அந்த கிளினிக்கில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு என் தலைமாட்டில் நின்றவள்தான் பிருந்தா. முதல் நாள், "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி" என்றேன்.

"நான் நர்சு இல்ல, சிஸ்டரும் இல்ல. பேரு பிருந்தா" என்றாள்.

அதற்கு ஒரு பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் குழாயை வைத்துவிட்டாள்.

பதினெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின. ஊரையே பேசி மடக்குகிற நான், அவள் எதிரில் மட்டும் வாயை அகலத் திறந்துவைத்து 'ஆ' என்று கிடப்பேன். பேசியதெல்லாம் அவள். தென்னேரியிலிருந்து வாலாஜாபாத் வந்து பஸ் மாறி வரும் கதை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த வருஷம் மீன் பிடிக்கப் போய் வழுக்கி விழுந்த கதை. அப்பா நாற்று நட ஆள் கிடைக்காமல் இவளையும் சேற்றில் இறக்கிவிட்ட கதை.

"உங்ககிட்ட சொன்னா வெளிய போவாது. வாய்தான் தொறந்துக்கினு கீது, பேச வராதே" என்பாள்.

டாக்டர் கையைக் கழுவும் ஐந்து நிமிடம்தான் எனக்கு. அதற்குள் ஒரு மாதச் சரக்கையும் இறக்கிவிடுவேன். அவள் சிரித்தால் முகமூடி உள்ளே ஒட்டி ஒட்டி வெளியே வரும். ஒரு ஞாயிறு கொய்யாப்பழம் கொண்டுவந்து, என்னால் கடிக்க முடியாது என்று கத்தியால் காகிதம் மாதிரிச் சீவித் தந்தாள். அதைக் கடைவாயில் வைத்து அரை மணி நேரம் தின்றேன். அதற்கப்புறம் எனக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. மற்ற இருபத்தொன்பதும் அதற்குப் போகிற வழி.

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பு, மாடிப்படியில் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டாள்.

"வாலாஜாபாத்துலேர்ந்து ஒரு எடம் வந்துகீது. எங்கப்பா கேட்டுக்கினே கீறாரு. நான் இன்னா சொல்லட்டும்?"

இங்கே என் வளர்ப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் இரண்டே பாடம். ஒன்று, வேண்டும் என்ற ஆசையை முகத்தில் காட்டக் கூடாது. இரண்டு, விலை கேட்டுவிட்டுப் படியிறங்குகிறவர்களைக் கூப்பிடக் கூடாது. பக்கத்துக் கடை வரை போவார்கள், திரும்பி வருவார்கள். கூப்பிட்டால் அவசரம் நமக்குத்தான் என்று தெரிந்துவிடும். எட்டு வயதில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது இது. ரத்தத்தில் ஊறிவிட்டது. யாராவது பசிக்கிறதா என்று கேட்டால்கூட 'பார்க்கலாம்' என்றுதான் வரும்.

"வந்தா பாக்க வேண்டியதுதான?" என்றேன். "மாப்ள பல்லு எப்பிடி? வரிசையா கீதா?"

அவள் சட்டென முகமூடியை ஏற்றிக்கொண்டாள்.

"வரிசையாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

நான் கூப்பிடவில்லை. திரும்பி வருவாள் என்று நின்றேன். தெருமுனையில் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். சரி, அடுத்த கடை கொஞ்சம் தூரம்போல என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

சென்னையில் ஐந்து மணி நேர ஆபரேஷன். கண் விழித்தபோது முகம் பூசணிக்காயாக இருந்தது. மூக்கில் ரத்தம் கட்டி மூச்சு விசில் அடித்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் குட்டிக் குட்டி ரப்பர் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஆறு வாரம் திறக்கக் கூடாது. பங்காளிகள் இருவரையும் ஒரே கட்டிலில் கட்டிப் போட்ட மாதிரி.

அம்மா பார்வதி இட்லியை ரசத்தில் போட்டு மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றிக் கன்னத்தின் ஓரமாகப் பீய்ச்சுவாள். கேழ்வரகுக் கூழ், மோர், பருப்புத் தண்ணீர், எல்லாம் ஒரே வழி. தலையணை நான்கு அடுக்கி உட்கார்ந்தபடியே தூக்கம். கீழுதடும் முகவாயும் மரத்துப்போய் யாருடையதோ போல இருந்தன. கூழ் வழிந்தாலும் எனக்குத் தெரியாது. அம்மா முந்தானையோடு காவல் இருப்பாள்.

"இன்னாடா கண்ணு கலங்குது, ரசம் காரமா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அதில் மிளகே போடவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

கிளினிக் வாட்ஸப் நம்பரைப் பார்த்துக்கொண்டது பிருந்தாதான். அவளுடைய சொந்த நம்பர் என்னிடம் கிடையாது. தினமும் காலையில் செய்தி வரும். 'உப்புத் தண்ணி கொப்பளிச்சீங்களா?' கட்டைவிரலை அனுப்புவேன். 'ஐஸ் வச்சீங்களா?' இன்னொரு கட்டைவிரல். அதில் கூடுதலாக ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இருக்கிறதா என்று நூறு தடவை திறந்து பார்ப்பேன். மூன்றாவது வாரம், 'ஒரு போட்டோ அனுப்புங்க' என்று வந்தது. ஜன்னல் பக்கம், வாசல் பக்கம், மொட்டைமாடி என்று நாற்பது எடுத்து ஒன்றை அனுப்பினேன்.

'டாக்டர் ஓகே சொன்னார்.'

'நீங்க என்ன சொல்றீங்க?' என்று அடித்தேன். ஆசை தெரிந்துவிடுமே. அழித்துவிட்டுக் கட்டைவிரலை அனுப்பினேன்.

நான்காவது வாரம் செய்திகளின் குரல் மாறியது. 'குட் மார்னிங் சார், இனிய நாள்' என்று ரோஜாப்பூவோடு வந்தது. யார் என்று கேட்டேன். 'வளர்மதி சார். பிருந்தாக்கா லீவு.'

லீவு. அப்போதும் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? பக்கத்துக் கடையில் விலை விசாரிக்கிறாள், வருவாள், பேசாமல் இரு என்றது. நானும் இருந்தேன். பேசாமல் இருப்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு வழியும் இல்லை.

சும்மா வீட்டில் கிடப்பானேன் என்று கடையில் வந்து உட்கார்ந்தேன். முகவீக்கம் வடிந்து புது முகவாய் தெரிய ஆரம்பித்திருந்தது. "தம்பி, தாடக்கார அண்ணன் எங்க?" என்று என்னிடமே கேட்டார்கள். ஒரு நாள் அப்பா சாப்பிடப் போயிருந்தபோது, ராஜகுளத்திலிருந்து ஓர் அம்மாள் மகள் கல்யாணத்துக்குச் சீர்வரிசைப் பாத்திரம் பார்க்க வந்தார். அண்டாவைத் தட்டினார், குடத்தைத் தூக்கிப் பார்த்தார், ஒரு விலை கேட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதில் சொல்ல வாய் இல்லை. கொஞ்சம் ஏற்றிக் கேட்டார். அதற்கும் பார்த்தேன். இன்னும் ஏற்றினார். அதற்குள் அப்பா வந்துவிட்டார்.

"உங்க புள்ள ரொம்ப அழுத்தம்பா" என்றார் அந்த அம்மாள். "மூஞ்சப் பாத்தாலே தெரியுது, ஒண்ணும் எறங்கி வராதுன்னு. வாயத் தொறந்து ஒரு வார்த்த இல்லியே. நமக்குக் குடுக்க இஷ்டமில்லன்னுதான இதுக்கு அர்த்தம்?"

கடைசியாகக் கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டு அவர் போனதும் அப்பாவுக்குக் கொண்டாட்டம். "வாயக் கட்டினதும் யாவாரம் புடிச்சிக்கிச்சி பாரு! இன்னும் ஒரு மாசம் கட்டியே வைக்கச் சொல்லுடா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடுக்க இஷ்டமில்லை என்றுதானே அர்த்தம். அந்தச் சொல் என்னோடு உட்கார்ந்துகொண்டது. மாடிப்படியில் அவள் கேட்டதற்கு நான் சொன்னதும், அப்புறம் ஒரு மாதமாக அனுப்பிய கட்டைவிரல்களும் எப்படித் தெரிந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் பேரம் பேச வந்தவளே இல்லை. வாங்கவும் வரவில்லை, விற்கவும் வரவில்லை. என்ன சொல்லட்டும் என்று கேட்டாள், அவ்வளவுதான்.

உடனே கிளினிக் நம்பருக்கு அடித்தேன். 'பிருந்தாவிடம் நேரில் பேசணும்.'

'சார், டாக்டர் முதல் ஞாயிறுதான் வருவார்' என்று வந்தது பதில், ரோஜாப்பூவோடு.

அந்த இரண்டு வாரம் நான் சாப்பிட்டது எதுவும் நினைவில்லை. என்ன சொல்வது என்று மட்டும் கட்டிய பல்லுக்குப் பின்னால் நாக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. எழுதிக் காட்டிவிடலாம் என்று ஒரு நாள் தோன்றும். கூடாது, இத்தனை நாள் விளையாடியது இந்த வாய், இதுதான் சொல்ல வேண்டும் என்று மறுநாள் தோன்றும்.

முதல் ஞாயிறு டாக்டர் ரப்பர்களை எடுத்தார். தலைமாட்டில் வளர்மதி நின்றாள்.

"பிருந்தா?" என்றேன். நாற்பத்திரண்டு நாளில் என் முதல் வார்த்தை. எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

"அக்கா வேலைய வுட்டுட்டாங்க சார்."

வீட்டுக்குப் போகவில்லை. வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினேன், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பிருந்தா வீடு எது என்று தென்னேரியில் கேட்டேன். ஏரிக்கரைக்குக் கீழே ரோட்டைக் காட்டினார்கள். தார் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முதலில் என் முகவாயைப் பார்த்தாள், அப்புறம்தான் என்னை.

"நல்லாத்தான் பண்ணிகீறாரு டாக்டர்" என்றாள்.

"அன்னிக்கி நான் சொன்னது பொய்" என்றேன். மூச்சு வாங்கியது. "எனக்கு நீங்க வேணும். அன்னிக்கே வேணும். அதுக்கு முன்னாடியே, கொய்யாப்பழம் தந்தீங்களே, அப்பவே வேணும்."

கூட்டிக் குறைத்து எதுவும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் பேரத்துக்கு இடம் வைக்காமல் நான் பேசிய முதல் பேச்சு.

அவள் தன் முகவாயைத் தொட்டுக் காட்டினாள். "இங்க." எனக்கு எச்சில் வழிந்திருந்தது. துடைத்துக்கொண்டேன்.

"போன புதன்கெழம வந்து பூ வச்சிட்டுப் போனாங்க" என்றாள்.

ரோட்டில் ஒரு டிராக்டர் வந்தது. நாங்கள் இருவரும் நெல்லின் மேல் ஏறாமல் ஒதுங்கி, அது போகட்டும் என்று நின்றோம்.

"புடிச்சிருக்கா?" என்றேன்.

"நல்ல மாதிரி. கேட்டதுக்குப் பதில் சொல்றாரு."

"பூ தான வச்சிகீறாங்க. இன்னும்..."

"வேணாம் ஹரி."

அவள் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. அடுத்து என்ன கேட்கலாம், எதை விட்டுக்கொடுத்தால் எது கிடைக்கும் என்று புத்தி பழக்கத்தில் ஓடியது. ஓடி ஓடி ஒன்றுமில்லாமல் நின்றது.

"வாயத் தொறந்து காட்டுங்க" என்றாள். திறந்தேன். "வெரல வைங்க. எத்தினி போவுது?"

"ஒண்ணு."

"மூணு போவணும். காலையில பத்து தரம், சாயந்தரம் பத்து தரம் தொறந்து மூடணும். வலிக்குதுன்னு வுட்டீங்கன்னா இப்பிடியே இறுகிக்கும். யாரும் சொல்லலியா?"

"டாக்டர் சொன்னாரு."

"எங்க, பண்ணுங்க. நான் எண்றேன்."

நடுரோட்டில் நின்று வாயைத் திறந்து மூடினேன். அவள் கிளினிக்கில் எண்ணுவதுபோலவே, அவசரமில்லாமல், ஒண்ணு, ரெண்டு என்று எண்ணினாள். காதோரம் சுரீரென்றது. அவள் கண் என் தாடையை விட்டு நகரவில்லை. ஆறு வரைக்கும் குரல் சாதாரணமாக இருந்தது. ஏழில் கொஞ்சம் தேங்கியது. எட்டு, ஒன்பது.

"பத்து" என்றாள். "அவ்ளோதான்."

"ஒன்பதுதான் ஆச்சு" என்றேன்.

"இல்ல, பத்து."

"ஒண்ணு கொறையுது."

அவள் நெல்லைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"சரி, தொறங்க" என்றாள்.

எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகத் திறந்தேன்.

"பதினொண்ணு" என்றாள்.