நாலாவது கட்டில் கால்

சிவபாண்டியின் கட்டில் முதன்முதலாக வீட்டை விட்டு வெளியே நடந்து போனது, வண்டியூரில் தண்ணீர் லாரி வராத ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. அப்போது அவர் அதில் படுத்திருந்தார். அடி எதுவும் படவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாசற்படி இறங்கும்போது தலையணை மட்டும் கீழே விழுந்தது; எதிர்வீட்டு ஹம்சவேணி அதை எடுத்து, தூசி தட்டி, பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்தாள். எருமை தண்ணிக்குப் போகிற மாதிரி, கட்டில் பின்னங்கால் ஒன்றை எடுத்து வைத்து, அதற்குக் குறுக்கே உள்ள முன்னங்காலைத் தூக்கி, நிதானமாகத் தெருமுனை வரை போனது. டீக்கடை முன்னால் அரை மணி நேரம் நின்றது. பிறகு திரும்பி வந்து, சுவரோரம் பழைய இடத்தில் நின்றுகொண்டது. சிவபாண்டி அங்கே ஒரு டீ குடித்திருந்தார். ஆறு வருஷத்தில் வீட்டுக்கு வெளியே அவர் குடித்த முதல் டீ அதுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் பெயிண்டர். வாடிப்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து மதுரைக்கு வந்து, தூரிகை பிடித்து, நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடி வீட்டுக்கு வெளிப்பூச்சு பூசும்போது சாரம் சரிந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது. அவர் மனைவி பாண்டியம்மாள், ராதாமணியின் கடைசல் பட்டறைக்கு உப்புத்தாள் தேய்க்கும் வேலைக்குப் போனாள். ராதாமணி நெசவாளர் வீட்டுப் பெண். தறிச் சத்தம் கேட்டே வளர்ந்தவள் என்பதால், சத்தமில்லாமல் இருக்க முடியாது என்று சொல்லி, பூரிக்கட்டையும் கட்டில் காலும் கடையும் மிஷின் ஒன்றைப் போட்டிருந்தாள். மழைக்காலத்தில் சிவபாண்டியின் இரும்புக் கட்டிலுக்குத் துருப்பிடித்து ஒரு கால் மடங்கியபோது, கடையில் விற்கும் கட்டில் எல்லாமே பாண்டியம்மாளுக்கு உயரமாக இருந்தன. அவரைத் தனியாளாகத் தூக்கி உட்கார வைக்கத் தன் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டில் வேண்டும் என்றாள். அதனால் கால்களைத் தானே கடைவது என்று முடிவு செய்தாள். அதுவரை அவள் உளியைத் தொட்டதில்லை.

சதுரக் கட்டையை இரண்டு முனைகளுக்கு நடுவில் மாட்டி, சுவிட்சைப் போடுவதற்கு முன் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும், எங்கும் இடிக்கக் கூடாது. கட்டைக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கமாக நிற்க வேண்டும். இதை ராதாமணி ஒரு தடவைதான் சொன்னாள். உளியைப் பற்றி மட்டும் தினமும் சொன்னாள்: “அக்கா, உளியோட முதுகு முதல்ல கட்டையில படியணும். அப்பறம் மெதுவா பிடியைத் தூக்குனா முனை தானா சீவும். முனையை முன்னால விட்டீங்கன்னா கட்டை உங்களைக் கடிச்சிரும்.” மூன்று தடவை கடித்தது. ஒரு தடவை கட்டை பிடுங்கிக்கொண்டு போய்த் தகரக் கூரையில் இடித்தது. சதுரக் கட்டை சுற்றும்போது அதன் நாலு மூலையும் புகை மாதிரித் தெரியும். உள்ளே கெட்டியாக ஒன்றும் வெளியே ஆவி மாதிரி ஒன்றுமாக இருக்கும். அந்தப் புகையைப் பார்த்துப் பாண்டியம்மாள் முதல் வாரம் பயந்தாள். இரண்டாவது வாரத்தில் தடதடவென்ற சத்தம் மெல்ல அடங்கி, ஒரே சீரான இரைச்சலாகி, புகை கலைந்து உருண்டையான கட்டை நின்றபோது, உளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள்.

அவள் செய்த தப்பு இரண்டு. எந்த இடத்தில் குமிழ், எந்த இடத்தில் பள்ளம் என்று ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு, நாலு காலையும் அந்தக் குச்சியை வைத்துக் கடைய வேண்டும். அவள் முதல் காலைப் பார்த்து இரண்டாவதைக் கடைந்தாள், இரண்டாவதைப் பார்த்து மூன்றாவதை, மூன்றாவதைப் பார்த்து நாலாவதை. ஒரு சேதி நாலு வாய் மாறிப் போன மாதிரி, முதல் கால் ஒல்லியாகவும் நாலாவது கால் வளைகாப்புக்கு உட்கார்ந்தவள் மாதிரியும் இருந்தன. இரண்டாவது தப்பு, காய்ந்த பூவரசங் கட்டை மூன்றுக்குத்தான் இருந்தது. நாலாவது காலுக்கு அன்றைக்கு வெட்டிய வேம்பை எடுத்தாள். வெள்ளரிக்காய் மாதிரி வெட்டுப்பட்டு, முகத்தில் தண்ணீர் தெறிக்க, நீளநீளமாகச் சுருள் விழுந்ததால் அதுதான் நல்ல கட்டை என்று நினைத்தாள். தச்சர் சட்டம் பூட்டி நாடா பின்னிக் கொடுத்த ஒன்பதாம் நாள் கட்டில் நடந்தது.

முதல் நாள் பாண்டியம்மாள் அழுதாள். இரண்டாம் நாள் பழைய சேலையால் கட்டிலை ஜன்னலோடு கட்டினாள். கட்டில் ஜன்னல் கம்பியையும் இழுத்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள் வழியில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தனுப்பினாள். போக்குவரத்துக் காவலர் ஒருவர் நிறுத்தி, இது எந்த வகை வண்டி என்று விசாரித்து, சற்று யோசித்து, மாட்டுக்கு என்ன விதியோ அதுதான் இதற்கும் என்று சொல்லி அனுப்பினார். எங்கே போவது என்று கட்டில்தான் முடிவு செய்யும். ஒல்லிக் கால் இருந்த பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனதால் பெரும்பாலும் தெப்பக்குளத்தில் முடிந்தது. அங்கே குளத்தைச் சுற்றி நடப்பவர்கள் அதற்கு வழிவிட்டு நடந்தார்கள். சிவபாண்டி வெயில் பட்டுக் கறுத்தார், பசி வந்தது, அரசியல் பேசினார், இரண்டு தேர்தலில் வரிசையில் படுத்து ஓட்டுப் போட்டார். ஒரு சித்திரையில் தம்பி மகள் காதுகுத்துக்கு வாடிப்பட்டிக்கே போய், போக இரண்டு நாளும் வர இரண்டு நாளும் ஆகித் திரும்பினார். எங்கே போனார் என்று பாண்டியம்மாள் கேட்பதில்லை. சாயங்காலம் கட்டில் கால்களைத் துடைக்கும்போது ஒட்டியிருப்பது வாழைத்தோலா, பொரியா, ஆற்று மணலா என்று பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

இந்த நாலு வருஷத்தில் அவள் கை பழகிவிட்டது. திண்டுக்கல்லிலிருந்து கட்டில்காரர்கள் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். நூறு கால் கடைந்தால் நூறும் ஒன்றே. காலிப்பர் வைத்து அளந்தவர்கள் அளப்பதை விட்டுவிட்டார்கள்.

ஐந்தாம் வருஷம் பங்குனி வெயிலில் வேப்பங்கால் மேலிருந்து கீழ்வரை வெடித்தது. பச்சையாகக் கடைந்த கட்டை அத்தனை நாள் தாங்கியதே பெரிது என்று ராதாமணி சொன்னாள். கட்டில் நின்றுவிட்டது. பாண்டியம்மாள் அன்றே புதுக் கால் கடைந்து மாட்டினாள். அழகாக இருந்தது. கட்டில் எல்லார் வீட்டுக் கட்டிலும் நிற்கிற மாதிரி நின்றது. மறுநாள் கொஞ்சம் கோணலாகக் கடையப் பார்த்தாள். உளியை வைத்ததும் கை தானாகச் சரிசெய்தது. இடது கையால் பிடித்தாள். மழுங்கிய உளியை எடுத்தாள். ராதாமணியோடு சண்டை போட்டுவிட்டுக் கோபத்தோடு கடைந்து பார்த்தாள். வலிந்து பள்ளம் போட்ட கால்கள்கூடப் பள்ளம் போட்ட அழகான கால்களாகவே வந்தன. பதினேழு கால் ஆயிற்று. எதை மாட்டினாலும் கட்டில் அசையவில்லை. சிவபாண்டி முதல் வாரம் கட்டிலைத் தட்டிக் கொடுத்தார். இரண்டாவது வாரம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மூன்றாவது வாரம் சோறு ஒரு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. சாரத்திலிருந்து விழுந்த வருஷம் எப்படிக் கிடந்தாரோ அப்படிக் கிடந்தார். இந்தத் தடவை அவர் தேறி வர மாட்டார் என்று பாண்டியம்மாளுக்குத் தெரிந்தது.

பதினெட்டாவது காலோடு அவள் வந்தபோது அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “ஊருக்கே கால் கடையுற. ஒரு காலைக் கெடுக்கத் தெரியலியா புள்ள?”

“பேசுறது லேசுதாங்க. நீங்க வந்து மிஷின் முன்னால நின்னு பாருங்க, தெரியும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த காலைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். சிவபாண்டி மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார்.

“நிக்கத்தான வராது,” என்றார். “கை ரெண்டும் இருக்குல்ல.”

மறுநாள் தெருவில் நாலு பேர் கட்டிலோடு அவரைப் பட்டறைக்குத் தூக்கிப் போனார்கள். ராதாமணி மிஷினை மேடையிலிருந்து இறக்கி, இரண்டு வரிசைச் செங்கல் மேல் வைத்து, படுத்திருப்பவர் ஒருக்களித்தால் உளி எட்டுகிற உயரத்துக்குக் கொண்டுவந்தாள். வேண்டுமென்று கெடுக்கக் கூடாது என்று பாண்டியம்மாள் கண்டிப்பாகச் சொன்னாள். அப்படிக் கெடுத்தது நடக்காது என்று பதினேழு தடவை பார்த்தாயிற்று. தான் கடைந்ததிலேயே நல்ல காலை அவர் கண் முன்னால் நிறுத்தி, அச்சு அசலாக இதே மாதிரி வர வேண்டும் என்றாள். அவர் உயிரைக் கொடுத்துக் கடைந்தார். கட்டை அவரை ஐந்து தடவை கடித்தது. மீசையில் சுருள் விழுந்தது. புகை கலைந்து கட்டை உருண்டையாக நின்ற அன்று, சுவிட்சை அணைக்க விடாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குமிழ் வர வேண்டிய இடத்தில் சுரைக்காய் வந்தது. “ஏ பாண்டி, கிட்டத்தட்ட உன்னுது மாதிரியே வந்திருச்சுல்ல?” என்று கேட்டார். பாண்டியம்மாள் இரண்டு காலையும் பார்த்துவிட்டு, ஆமாங்க என்றாள். உப்புத்தாளை எடுத்த அவள் கையை ராதாமணி பிடித்துக்கொண்டாள். நாலு நாளில் முடிந்த அந்தக் காலை எண்ணெய்கூடத் தடவாமல் மாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கட்டில் ஒரு தடவை நடுங்கியது, பிறகு சுரைக்காய்க் காலை முன்னால் எடுத்து வைத்தது. நடை மாறிவிட்டது. மூன்று அடிக்கு ஒரு தடவை நொண்டுகிறது. தெப்பக்குளத்துக்குப் போவதில்லை, எதிர்த்திசையில் ரிங் ரோட்டுப் பக்கம் போய், அங்கே புதிதாகப் பெயிண்ட் அடிக்கும் வீடுகள் முன்னால் நிற்கிறது. சிவபாண்டி கீழே படுத்தபடியே, சாரத்தில் இருப்பவர்களிடம் எந்த மூங்கில் சரியில்லை என்று சொல்கிறார். கேட்டு மாற்றிக் கட்டுகிறார்கள்.

இன்னொரு கால் கடைய வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார். பாண்டியம்மாள் விடுவதில்லை, கை பழகிவிடும். மற்ற மூன்று காலும் பூவரசு என்றாலும் என்றைக்காவது தேயும் என்று தெருவுக்குத் தெரியும். அதனால் அப்போது ஆளுக்கொரு கால் கடைய வேண்டிய எதிர்வீட்டு ஹம்சவேணி, தண்ணீர் லாரி ஓட்டும் விருமாண்டி, டீக்கடை கருத்தக்கண்ணன் ஆகிய மூவரும் கடைசல் வேலையை எட்டி நின்றுகூடப் பார்க்கக் கூடாது என்று முடிவாகியிருக்கிறது. பட்டறை இருக்கும் தெருவுக்கு வந்தால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். கருத்தக்கண்ணன் மட்டும் ஒரு தடவை, கட்டை ஏன் சுற்றுகிறது என்று ராதாமணியிடம் கேட்டார். அவள் சுவிட்சை அணைத்துவிட்டு, அவரை டீக்கடை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.