இடப்பக்கம் பார்த்த பறவை

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குக் கேவலம். நான் ரப்பர் முத்திரை செதுக்குகிறவன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘நாட்டின் சின்னம் என்பது மக்களின்

அடித்துவிட்டேன். எவனோ மேடையில் பேசுகிற மாதிரி இருந்தது.

2

நம் நாட்டுச் சின்னத்தில் ஒரு பறவை, வலப்பக்கம் பார்க்கும். முத்திரையில் எல்லாவற்றையும் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்த நகராட்சிக்குச் செய்த முத்திரையில் எழுத்தையெல்லாம் திருப்பினேன். பறவையை மறந்துவிட்டேன். எழுத்தைப் படித்துப் பார்த்தார்கள். பறவையை எவன் பார்த்தான்?

(அதற்கப்புறம் இரண்டு தேர்தல் நடந்தது. ஒன்றும் இடிந்து விழவில்லை. அப்படியென்றால் அரசாங்கம் எதன்மேல்தான் நிற்கிறது? தெரிந்தவர்கள் சொல்லலாம்.)

3

தையல் கடை வைத்திருக்கும் என் அக்கா மகள் வார்டு உறுப்பினர் தேர்தலுக்கு மனு போட்டாள். இன்று காலை, அவளுடைய இருப்பிடச் சான்று போலி என்று தள்ளிவிட்டார்கள். மனு வாங்க இன்று மாலை ஐந்து மணிவரைதான் கெடு.

“பறவை இடப்பக்கம் பாக்குதாம் மாமா. அதுக்கு நான் என்ன பண்ண, கழுத்தைத் திருகி விடவா?”

“போலி இல்லம்மா. அது என் கைவேலை.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “பதினோரு வருஷமா வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தீங்க?”

தானாகப் போய் எவனாவது தலையைக் கொடுப்பானா? என்னைத் தேர்தல் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

4

தேர்தல் அதிகாரியை முதலில் வில்லனாக எழுதினேன். தொப்பைகூட வைத்தேன். பொய். மனுஷன் ஒல்லி. எனக்கு நாற்காலி போட்டார். (அரசாங்க அலுவலகத்தில் நாற்காலி போட்டால் உஷாராக இருக்க வேண்டும்.)

“பெரியவரே, நடந்ததை எழுதிக் குடுங்க. இவங்க மனுவை வாங்கிக்கறேன். ஆனா அந்த முத்திரை விழுந்த தாள் எதுவும் செல்லுமான்னு மேலிடம்தான் சொல்லணும். உங்க உரிமமும் போயிடும்.”

“எல்லாத் தாளுமா?”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே.”

அவர் தலைக்கு மேலே, சட்டம் போட்டு மாட்டியிருந்தது, ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே நகராட்சி அவருக்குக் கொடுத்த வேலை உத்தரவு. அக்கா மகள் என் காலை மிதித்தாள்.

“ஐயா, உங்க பறவையும் அந்தப் பக்கந்தான் பாக்குது” என்றேன்.

எழுந்து போய்ப் பார்த்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். திரும்பி வந்து தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

5

அந்தத் தாள்தான் இது. ஒரு பக்கம் போதும் என்றார், எனக்குச் சுருக்கி எழுத வரவில்லை.

“மாமா, வாக்குமூலம் கேட்டாங்களா, கதை கேட்டாங்களா? மணி நாலே முக்கால்!”

கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். போட்டால் இவள் தேர்தலில் நிற்பாள், இந்த ஊர்த் தாளெல்லாம் ஆடும். போடாவிட்டால் எல்லாம் அப்படியே இருக்கும், இவளைத் தவிர.

நீங்களும் இந்த ஊர்தானே? வீட்டில் பெட்டியைத் திறந்து உங்கள் தாளை எடுங்கள். பறவை எந்தப் பக்கம் பார்க்கிறது?

பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். போடவா?