அப்பாவின் லாக்கர்

என் அம்மா தனபாக்கியம் என் அப்பாவுக்கு மனைவியே இல்லை என்று பெரியப்பா சிவசாமி கோர்ட்டில் மனு போட்டிருந்தார். அப்பா செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பெரியப்பாவுக்கு வேண்டியது அப்பா உழுத குத்தகை நிலம். அம்மா மனைவி என்றால் சாகுபடி உரிமை அவளுக்கு வரும். இல்லையென்றால் அப்பா வாரிசில்லாமல் செத்தவர், நிலம் அண்ணனுக்கு. நான் பி.ஏ. படித்திருக்கிறேன். அந்தக் கணக்கில் நான் பிறக்கவே இல்லை.

அப்பா கறுப்புச் சட்டைக்காரர். ஐயரும் தாலியும் இல்லாமல் மேடையில் மாலை மாற்றிக்கொண்டவர். அப்படி நடந்த கல்யாணங்கள் செல்லும் என்று பிறகு சட்டமே வந்தது. பெரியப்பா சட்டத்தை மறுக்கவில்லை. அன்று நடந்தது கட்சிக் கூட்டம், கல்யாணமே இல்லை என்றார்.

அப்பா பேரில் திருத்துறைப்பூண்டி பேங்கில் ஒரு லாக்கர் இருந்தது. இரண்டு தரப்பையும் வைத்துக்கொண்டு திறந்து, உள்ளே இருப்பதை எழுதி அனுப்பச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டது.

மேனேஜர் சந்தானகிருஷ்ணன் திறந்தார். உள்ளே ரோஸ் காகிதத்தில் ஒரே ஒரு பொட்டலம். பிரித்தார். தாலி. கயிறு ஏறாத புதுத் தாலி.

பெரியப்பா சிரித்தார். "பாத்துக்குங்க சார். கட்டணும்னு செஞ்சு வச்சிருக்கான், கட்டல. கல்யாணம் ஆகலன்னு எந்தம்பியே சொல்லிட்டுப் போயிருக்கான்."

தாலி அடிமைச் சின்னம் என்று ஊர் ஊராகப் பேசிய மனிதர் அப்பா. குழாயடியில் அம்மாவின் வெறும் கழுத்தைப் பார்த்து என்னென்ன பேசினார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் நான். செத்துப் போனவரைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்" என்றாள் அம்மா. "நீ தொட்டில்ல கெடந்த. இந்த மாதிரிக் கல்யாணமெல்லாம் செல்லாதுன்னு தீர்ப்பாயிடுச்சுன்னு யாரோ வந்து சொன்னாங்க. உங்கப்பா பயந்துட்டாரு. மன்னார்குடி போயி இத வாங்கியாந்து, விடியறதுக்குள்ள ஏதாவது கோயில்ல கட்டிட்டு வந்துடலாம்னாரு."

"நீ?"

"கழுத்த நீட்டல. இன்னைக்குக் கட்டினா இன்னைக்குத்தான கல்யாணம்? அப்ப தொட்டில்ல கெடக்குறவ யாருன்னேன். மனுசன் பொட்டலத்த மடிச்சு வச்சிட்டாரு."

"அப்புறம் வித்துத் தொலைக்க வேண்டியதுதான?" என்றார் பெரியப்பா.

"கறுப்புச் சட்டையப் போட்டுக்கிட்டு எந்தக் கடையில தாலிய விக்கிறது? வீட்டுல வச்சாத் தோழருங்க கண்ணுல படும். ஊருக்கு பேங்க் வந்ததும் மொத ஆளா லாக்கர் வாங்கினாரு."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். சிரிப்பை அடக்கியதில் அவர் தோள் குலுங்கியது.

"கட்டாததுன்னு சேத்து எழுதுங்க சார்" என்றார் பெரியப்பா.

மேனேஜர் அம்மாவைப் பார்த்தார்.

"எழுதுங்க" என்றாள். "நல்லா தெரியறாப்புல எழுதுங்க."

கையெழுத்துக்கு முன்னால் இறந்தவருக்கு என்ன உறவு என்று ஓர் இடம் இருந்தது. "அத வெறுமனே விடச் சொல்லுங்க, கோர்ட்டு சொல்லட்டும்" என்றார் பெரியப்பா. அம்மா காதில் வாங்கவில்லை. எழுத்து எழுத்தாக 'மனைவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இதுக்குக் கீழ நான் போட மாட்டேன்."

"போடலேன்னா நீங்க வரவே இல்லேன்னு எழுதி அனுப்பிடுவேன். உங்க இஷ்டம்" என்றார் மேனேஜர்.

பெரியப்பா பேனாவை வாங்கினார். தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டார்.

அந்தக் கையெழுத்தை வைத்து மட்டும் வழக்கு ஜெயிக்காது என்றார் எங்கள் வக்கீல். வழக்கு இன்னும் நடக்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்ததும் அம்மா யாரையும் கேட்கவில்லை. அப்பா உழுத நிலத்தில் குறுவைக்கு நாற்று விட்டாள். பெரியப்பா வரப்பு வரைக்கும் வந்தார், நின்றார், திரும்பிப் போனார்.