அறுநூறு மீட்டர் ஹால்

திருநகரில் மூன்றாவது பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் விருமாண்டி வீட்டு ஹால் வெளியிலிருந்து அளந்தால் பதினெட்டு அடி. உள்ளே நடந்தால் அறுநூறு மீட்டர். கட்டும்போது அப்படி இல்லை. சென்ற தேர்தலில் ஓட்டு எண்ணிய அன்று, வாசல் பக்கம் டிவி முன்னால் இருந்த விருமாண்டியும், கொல்லைப் பக்கம் கம்ப்யூட்டர் மேசையில் இருந்த மகன் முத்துக்குமரனும் ஒருவர் கட்சியை ஒருவர் கிழித்துத் தொங்கவிட்ட மூன்று மணி நேரத்தில் தரை நாலடி நீண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு வரிசை டைல்ஸ் முளைத்தது, நிறம்கூட மாறாமல். தீபாவளிக்குள் அப்பா முகம் மகனுக்குத் தெரியாத தூரம் வந்துவிட்டது. அதன் பிறகு இருவரும் குடும்ப வாட்ஸப் குழுவில் சண்டை போட்டார்கள்; அதற்கும் ஹால் நீண்டது. பக்கத்து வீட்டுத் தாமரைச்செல்வி, ரோட்டில் நாய்த் தொல்லை என்று, காலை நடைக்கு இங்கே வர ஆரம்பித்தாள்.

முப்பத்து மூன்று வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற விருமாண்டிக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் மகனுக்கும் இல்லை. ஏனென்றால் நடந்தது சுபலட்சுமி. அடுப்படி புருஷன் இருந்த பக்கம். மகனுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு வேளைக் காபி, போக வர ஆறு கிலோமீட்டர். தூக்குவாளியில் சாம்பாரோடு வசவும் சேர்ந்து போகும். அவன் விலைபோன பயல் என்று போய்ச் சொல்லு என்பார் அப்பா. அவருக்கு மூளையே கிடையாது என்று சொல்லும்மா என்பான் மகன். அவள் அத்தனை தூரம் நடந்து போய், அப்பா சாப்பிட்டியான்னு கேட்டாரு என்று மட்டும் சொல்லிவிட்டு வருவாள். வயிற்றெரிச்சல் எல்லாம் அவளோடு. நாட்டைத் திருத்தப் புறப்பட்ட இரண்டு ஆம்பளைகளுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் எழுந்து போய் மோந்து குடிக்க உடம்பு வணங்கவில்லையே என்று தனக்குத் தானே பேசிக்கொண்டு நடந்தாள்.

மார்கழியில் முழங்கால் வீங்கியது. கோரிப்பாளையத்து எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எம்புட்டு தூரம் நடப்பீங்க என்று கேட்டார். வீட்டுக்குள்ளதான் சார், ஆறு கிலோமீட்டர் என்றாள். இப்படியே போனால் சித்திரைக்குள் படுக்கைதான் என்றார் அவர். வீட்டுக்கு வந்து சொன்னாள். விருமாண்டி டிவி சத்தத்தைக் குறைக்காமல் தைலம் தேய்க்கச் சொன்னார். முத்துக்குமரன் ஹெட்போனைக் கழற்றி, என்ன சொன்னே என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் மறுபடி மாட்டிக்கொண்டான்.

தைலம் தேடி இரும்புப் பெட்டியைத் திறந்தபோது ஒரு தடித்த நாவல் கிடைத்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் எழுமலை நூலகத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுக்காதது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மூலை மடித்திருந்தது. இருபத்தெட்டு வருஷமாக அவள் காலண்டர் தவிர எதையும் படித்ததில்லை. ஹாலின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். அங்கே டிவி சத்தம் எட்டாது, மகனின் வைஃபை எட்டாது. மின்விசிறி முளைக்காத இடம். முந்தானையால் விசிறிக்கொண்டே படித்தாள். முதல் நாள் நாலு பக்கம் போவதற்குள் கை தானாகப் போனைத் தேடியது. ஒரு வாரத்தில் அது அடங்கியது. கதையில் ஊர்க் கிணற்றை ஒரு தெருக்காரர்கள் மட்டும் தொடாதபடி பூட்டி வைத்த ஒருவன் வந்தான். அவனை நினைத்தாலே அவளுக்கு ரத்தம் கொதித்தது. இருநூறாம் பக்கத்தில் அவன் மகள் செத்தபோது அழுதாள். அவன் செய்தது தப்பு என்ற எண்ணம் கடைசிவரை மாறவில்லை. ஆனாலும் அவனோடு நானூறு பக்கம் உட்கார முடிந்தது. பெற்ற மகனோடு மூன்று நிமிஷம் உட்கார முடியாத மனுஷனுக்கு என்ன கேடு என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

அந்த வாரம் தாமரைச்செல்வி போனில் ஒரு படம் காட்டினாள். கல்யாண வரவேற்பு ஒன்றில் இரண்டு கட்சி மாவட்டச் செயலாளர்களும் ஒரே சோபாவில் தொடை உரச உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இடையில் ஒரு சாண்கூட இல்லை. சுபலட்சுமி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் இரண்டு நடையாக நடு ஹாலுக்குக் கொண்டு போய் வைத்துவிட்டு, புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தாள்.

ஒரு மணிக்கு இரண்டு பக்கமிருந்தும் போன் அடித்தார்கள். நடு ஹாலில் சிக்னல் எடுக்காது. இரண்டரைக்கு, வேர்த்து வழிந்து, பசியில் முகம் செத்து, இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு ஒருவரை ஒருவர் பக்கத்தில் பார்த்தார்கள். அப்பாவுக்கு மீசை முழுக்க நரைத்திருந்தது. மகனுக்குத் தொப்பை போட்டிருந்தது.

சுபலட்சுமி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "எங்காலு போச்சு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்தே போச்சு. உங்க தலைவருங்க ஒரே சோபாவுல உக்காந்து ஐஸ் திங்கிறாங்ய. இனிமே சோறு இங்கதான். வேணும்னா நடந்து வாங்க, இல்லாட்டி பட்டினி கெடங்க."

இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாதியில் விருமாண்டி மகனைப் பார்க்காமல், "குழம்பத் தள்ளுடா" என்றார். அவன் தள்ளினான்.

ஹால் சுருங்கவில்லை. ஆனால் தினமும் மூன்று வேளை இருவரும் நடந்து வருகிறார்கள். சுபலட்சுமி திருநகர் கிளை நூலகத்தில் சேர்ந்துவிட்டாள். மகன்தான் வண்டியில் கூட்டிப் போனான். வைகாசியில் ஒருநாள் மோர் ஊற்றும் நேரத்தில் இடைத்தேர்தல் பேச்சு வந்தது. குரல் ஏறியது. இருவர் தட்டுக்கும் நடுவில் தரை இருபதடி நீண்டது; அப்பளம் இருந்த டப்பா மகன் பக்கமும், மோர்ச் சட்டி அப்பா பக்கமுமாகப் போயின. சுபலட்சுமி அப்பா பக்கம் ஒதுங்கிப் போயிருந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் புது நடுவில் போட்டு, விட்ட வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். அப்பாவும் மகனும் தங்கள் தட்டைத் தாங்களே தூக்கிக்கொண்டு அவள் இருந்த இடத்துக்கு நடந்தார்கள்.